பூவுக்குப் பக்கத்தில் போனால் படம் ஏன் சொதப்புகிறது?

வீட்டில் பூத்த செம்பருத்தியைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்வார்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலின் நுனி மட்டும் பளிச்சென்று இருக்கிறது, இதழெல்லாம் கலங்கிவிட்டது என்பது ஒன்று. இதழில் கண்ணுக்குத் தெரிந்த நரம்பு, மடிப்பு, மினுமினுப்பு எதுவும் படத்தில் இல்லை, ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது என்பது இன்னொன்று. உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த கேமரா வாங்கலாம்?

கொஞ்சம் பொறுங்கள். கையில் இருக்கும் போனிலோ பழைய கேமராவிலோ இந்த இரண்டையும் பெருமளவு சரிசெய்துவிடலாம். முதல் குறை கேமராவின் தரத்தால் வருவதில்லை, தூரத்தால் வருகிறது. லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் அது கூடவே வரும். இரண்டாவது குறை சிவப்பு என்ற நிறத்தை டிஜிட்டல் கேமரா எப்படிக் கணக்கெழுதி வைக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் புரிந்துவிட்டால் எந்த செட்டிங் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதலில் தூரம்.

எந்த லென்ஸும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பதை மட்டும்தான் சரியான கூர்மையோடு பதிவு செய்யும். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் இருப்பவை நம் கண்ணை ஏமாற்றும் அளவுக்குக் கூர்மையாகத் தெரியும், அதைத் தாண்டினால் மங்கல். இந்தக் "கொஞ்சம் முன்னும் பின்னும்" என்பதைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறார்கள், நாம் கூர்மை ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் நிற்கும் ஆளைப் படமெடுக்கும்போது இந்த ஆழம் சில அடிகள் இருக்கும், அதனால் நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பூவுக்கு அருகில் போகப் போக அது சுருங்குகிறது, அதுவும் சாதாரணமாகச் சுருங்குவதில்லை, தூரம் பாதியானால் ஆழம் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடுகிறது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள முழு அளவு சென்சார் (ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லு) கேமரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. விரிந்த செம்பருத்தி அந்த 24 மி.மீ. உயரத்தை நிறைக்க வேண்டுமென்றால், பூ சென்சாரில் தன் அசல் அளவில் கால்வாசியாக விழ வேண்டும். அப்போது எஃப் 8 அப்பர்ச்சரில் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு இது, எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) கூர்மை ஆழம் சுமார் 1 செ.மீ. அவ்வளவுதான். எஃப் 2.8 என்று திறந்துவைத்தால் 4 மி.மீ. கூட இல்லை. சரி, இன்னும் சின்னப் பூ? துளசிக் கதிரில் இருக்கும் மிகச் சிறிய பூவைச் சென்சாரில் அசல் அளவிலேயே விழவைக்கிறீர்கள் என்றால் (அதைத்தான் ஒன்றுக்கு ஒன்று மேக்ரோ என்பார்கள்) அதே எஃப் 8இல் கூர்மை ஆழம் வெறும் 1 மி.மீ.

செம்பருத்தியின் குழல் நுனியிலிருந்து இதழின் அடி வரை எவ்வளவு தூரம் என்று ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பல செ.மீ. வரும். 1 செ.மீ. ஆழத்தில் அதை எப்படி அடக்குவது? நேர் எதிரே நின்றுகொண்டு அடக்கவே முடியாது. இதுதான் விஷயம், அதனால் "என் போகஸ் சரியில்லை" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் வழி? கேமராவுக்கு இணையாக ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு பூவை ஊடறுத்து நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டில் படுவது எல்லாம் கூர்மையாக வரும், படாதது மங்கும். தகட்டின் தடிமனைப் பெரிதாக மாற்ற முடியாது. ஆனால் பூவின் எந்தப் பகுதி தகட்டில் படவேண்டும் என்று முடிவு செய்வது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பூவை நேர் எதிரிலிருந்து எடுத்தால் குழல் உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், தகடு அதை ஓரிடத்தில் மட்டும் வெட்டும். அதே பூவுக்குப் பக்கவாட்டில் போய் நின்று, குழல் உங்கள் பார்வைக்குக் குறுக்கே இடமிருந்து வலமாகப் போகும்படி எடுத்துப் பாருங்கள். குழல் முழுவதும் தகட்டோடு படுத்துக்கிடக்கும். நுனியில் ஐந்து சிவப்பு வெல்வெட் பொட்டுகள் (பள்ளியில் தாவரவியல் பாடத்துக்காகப் பூவை அறுத்துப் பார்த்தவர்களுக்குச் சூல்முடி என்று நினைவிருக்கும்), அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப்பைகள், எல்லாமே ஒரே படத்தில் கூர்மையாக வரும். இதழ் பின்னால் சிவப்பு மேகமாகக் கரையும், அது அழகாகவே இருக்கும். கேமரா அதேதான், செட்டிங்கும் அதேதான், நீங்கள் நின்ற இடம் மட்டும்தான் மாறியது.

தட்டையான பூக்களுக்கு இது தலைகீழ். ஒற்றை நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மாதிரி இதழ்கள் ஒரே தளத்தில் விரிந்திருக்கும் பூக்களை நேர் எதிரே, கேமராவின் முதுகு பூவின் முகத்துக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால் ஐந்து இதழும் தெளிவாக விழும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஓர் இதழ் தெளிவு, எதிர் இதழ் மங்கல். சில சமயம் அதுவும் வேண்டியிருக்கும், ஆனால் வேண்டுமென்று செய்ததா தானாக நடந்ததா என்பது படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். துலுக்க சாமந்தி போன்ற அடுக்குப் பூக்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றை மேலிருந்து நேராக எடுத்தால் நடுப்பகுதியில் போகஸ் வையுங்கள், ஓரம் தானாக மங்கட்டும்.

அப்பர்ச்சரை மூடினால் ஆழம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். எஃப் 8இலிருந்து எஃப் 16க்குப் போனால் இரண்டு மடங்கு ஆழம் கிடைக்கும், ஆனால் இரண்டு செலவுகள் உண்டு. வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதோடு, துளை சிறிதாகச் சிறிதாக ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே லேசாகக் கூர்மை இழக்கும். கிட்டப் போய் எடுக்கும்போது இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 8 என்று நீங்கள் வைப்பது உண்மையில் எஃப் 16 போல நடந்துகொள்கிறது. அதனால் எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதும். எஃப் 22 வைத்து எல்லாவற்றையும் கூர்மையாக்கிவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு

போனின் சென்சார் சிறியது, அதனால் ஒரே அளவு பூவை எடுக்கும்போது அதில் கூர்மை ஆழம் பெரிய கேமராவைவிட நிறையவே கிடைக்கும். இது போனின் பலம், பலர் இதைக் குறையாக நினைத்துக்கொண்டு பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடைப் போட்டுவிடுகிறார்கள். பூவுக்கு அதைப் போடாதீர்கள். மனித முகத்தின் விளிம்பைக் கண்டுபிடிப்பதில் அந்த மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், மல்லிகையின் காம்பையும் மகரந்தத் தாளையும் கண்டால் தடுமாறிவிடும். பாதிக் காம்பு காணாமல் போன படத்தை எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

இன்னொரு விஷயம், ரொம்பக் கிட்டப் போகாதீர்கள். போனின் முதன்மை லென்ஸால் ஒரு எல்லைக்குமேல் கிட்டே போகஸ் செய்ய முடியாது. சில போன்கள் அந்த எல்லை வந்ததும் சத்தமில்லாமல் அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ இப்படித்தான் 2 செ.மீ. வரை போய் எடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 2 செ.மீ. தூரத்தில் போனின் நிழலே பூவின் மேல் விழும், முன்னால் இருக்கும் இதழ் பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் கோணலாக வரும், பின்னணியில் பாதி மொட்டைமாடியும் சேர்ந்துகொள்ளும். ஒரு சாண் தூரம் பின்வாங்கி 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள், பூ தன் உருவத்தோடு இருக்கும், பின்னணியும் சுருங்கும். விலை குறைந்த போன்களில் மேக்ரோ என்று 2 மெகாபிக்சலில் ஒரு தனி லென்ஸ் வைத்திருப்பார்கள், அதை மறந்துவிடலாம்.

திரையில் எந்த இடம் கூர்மையாக வேண்டுமோ அங்கே விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வரும் சூரியச் சின்னத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். ஏன் இருட்டாக்கச் சொல்கிறேன் என்பது எடிட்டிங் பகுதியில் வரும்.

காற்றும் கையும்

கிட்டப் போகும்போது பூ மட்டும் பெரிதாவதில்லை, அசைவும் பெரிதாகிறது. 24 மெகாபிக்சல் முழு அளவு சென்சாரில் 36 மி.மீ. அகலத்துக்கு 6000 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு கட்டங்கள். பூ கால்வாசி அளவில் விழும்போது, ஷட்டர் (ஒளியைச் சென்சாருக்கு விடும் கதவு) திறந்திருக்கும் நேரத்தில் அது 1 மி.மீ. ஆடினால் படத்தில் சுமார் 40 பிக்சல் தூரத்துக்கு இழுபடும். ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் துளசிப் பூ என்றால் 160ஐத் தாண்டும். நம் கண்ணுக்குக் காற்றே இல்லாத மாதிரி இருக்கும் நேரத்தில்கூட ஒரு பூ 1 மி.மீ. சர்வசாதாரணமாக ஆடும்.

ஆகவே ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் குறைய விடாதீர்கள், காற்று இருந்தால் 1/500. அதற்கு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) 400, 800 என்று ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றிவிடுங்கள், அதனால் படத்தில் வரும் புள்ளிகளை எடிட்டிங்கில் குறைக்கலாம், இழுபட்ட படத்தை நேராக்க முடியாது. ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) கேமராவின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பூவின் ஆட்டத்தை நிறுத்தாது. அதற்கு மலிவான வழி, தொட்டியில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, படச்சட்டத்துக்கு வெளியே காம்பைத் துணி கிளிப்பால் அதில் பிடித்துவைப்பது. காம்பை நசுக்காமல் இருக்கக் கிளிப்புக்கு நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். நேரமும் முக்கியம். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் கோடையில் நடுப்பகல் வாக்கில் கடல்காற்று புறப்பட்டுவிடும், அதற்குமேல் மாடித்தோட்டத்தில் பூவோடு மல்லுக்கட்டுவது வீண். விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரைக்குள் எடுத்துவிடுவது நல்லது, அந்த நேரத்தில் செம்பருத்தியும் புதிதாக விரிந்து நிற்கும்.

ஆட்டோ போகஸ் இவ்வளவு கிட்டத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். மேக்ரோ எடுக்கிறவர்கள் அதை அணைத்துவிட்டு, போகஸை ஒரு தூரத்தில் நிறுத்தி, தங்கள் உடம்பையே மெல்ல முன்னால் சாய்ப்பார்கள், வேண்டிய இடம் கூர்மையானதும் நான்கைந்து படம் தொடர்ச்சியாக அடிப்பார்கள். அதில் ஒன்று நிச்சயம் உருப்படியாக இருக்கும். பிலிம் காலத்தில் இப்படி அடித்திருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்காது, இப்போது வேண்டாததை அழிப்பதற்குக் காசு ஆகாது.

வெளிச்சம், பின்னணி

நேர் வெயில் பூவுக்கு எதிரி. இதழின் மேல் ஓரிடம் வெளுத்துப்போகும், மறுபக்கம் கருநிழல். பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான், ஸ்டுடியோ வெளிச்சம் மாதிரி மென்மையாகிவிடும். நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்துவைத்தால் அங்கேயும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். மேகமூட்டமான நாள் என்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். வெயிலை நல்லபடியாகப் பயன்படுத்த ஒரே ஒரு வழிதான் எனக்குப் பிடிக்கும்: பூவுக்குப் பின்னாலிருந்து வரவிடுவது. இதழ் மெல்லியது, ஒளி அதை ஊடுருவி வரும்போது நரம்பெல்லாம் வரைபடம் போட்டது போலத் தெரியும்.

மாடித்தோட்டத்தில் பச்சை நிழல்வலை கட்டியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வலை வெளிச்சத்தைப் பச்சையாக வடிகட்டி அனுப்புகிறது. நம் கண் சில நொடிகளில் பழகிக்கொள்ளும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மல்லிகை வாந்தியெடுத்த நிறத்தில் வருவதற்கு இதுதான் காரணம். தொட்டியை வலைக்கு வெளியே நகர்த்திவிடுங்கள், தரையில் வளரும் செடியில் முடியாத வசதி இது. குரோ பேக்கை (செடி வளர்க்கும் பை) திருப்பலாம், ஸ்டூலின் மேல் ஏற்றலாம், சுவர் நிழலுக்குக் கொண்டுபோகலாம்.

பின்னணியைப் பொறுத்தவரை, பூவுக்கும் பின்னால் இருப்பதற்கும் தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. கிட்டப் போனதால் சுருங்கிய அதே ஆழம் இங்கே நமக்கு உதவி செய்கிறது, பின்னால் நான்கடியில் இருக்கும் துணிக்கொடிகூட வெறும் நிறக்கலவையாகிவிடும். ஆனால் பளிச்சென்ற பொருட்கள் மங்கினாலும் பளிச்சென்றே மங்கும், மஞ்சள் நைட்டி மஞ்சள் திட்டாக உங்கள் பூவோடு போட்டி போடும். எடுக்கும் முன் ஒரு நொடி பூவை விட்டுவிட்டு நாலு மூலையையும் பாருங்கள், அரை அடி நகர்ந்தாலே பல சமயம் தீர்ந்துவிடும். நிழலில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஓர் அருமையான பின்னணி, நந்தியாவட்டை அதன் முன்னால் நகைக்கடை விளம்பரம் மாதிரி நிற்கும். பூவின் மேல் ஸ்ப்ரே அடித்துப் பனித்துளி மாதிரி காட்டுவது பற்றி: செய்யலாம், குற்றமில்லை, ஆனால் நண்பகல் வெளிச்சத்தில் "பனித்துளி" உட்கார்ந்திருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வெள்ளைப் பூவுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. கேமராவின் வெளிச்ச மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். சட்டம் முழுக்க வெள்ளை இதழ் நிறைந்திருந்தால் அதைச் சாம்பலாக்கிவிடும், அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படம் பெறும் வெளிச்சத்தை, கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு சின்ன மல்லிகை என்றால் இலைகளை வெளிச்சமாக்கப் போய் மல்லிகையை வெளுக்கடித்துவிடும், அப்போது குறைக்க வேண்டும்.

தனி லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. லென்ஸ் மாற்றும் கேமரா இருந்து, 50 மி.மீ. லென்ஸும் இருந்தால், முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். அது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய், லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைக்கும், அவ்வளவே. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. குழாய் போட்டால் பாதி அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். இதில் பழகிவிட்டு, இன்னும் ஆசை விடவில்லை என்றால் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். 50, 60 மி.மீ. மேக்ரோவைவிட அது கொஞ்சம் தள்ளி நின்றே எடுக்கவிடும், உங்கள் நிழல் பூவில் விழாது, தேன் குடிக்க வந்த பட்டாம்பூச்சியும் பறந்து ஓடாது.

எடிட்டிங்: கூட்டுவதைவிடக் குறைப்பது

இப்போது அந்தச் சிவப்புத் திட்டு விஷயத்துக்கு வருவோம். கேமராவும் போனும் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. செம்பருத்தி இதழில் ஒரு பிக்சலை எடுத்துக்கொண்டால் சிவப்பு 255, பச்சை 30, நீலம் 40 என்கிற மாதிரி இருக்கும். சிவப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டது. பக்கத்துப் பிக்சலில் இன்னும் கொஞ்சம் அதிகச் சிவப்பு இருந்தாலும் அதுவும் 255தான், அதற்கு மேல் எழுத இடமில்லை. நரம்புக்கும் மடிப்புக்கும் இருந்த நுட்பமான வித்தியாசம் அத்தனையும் 255, 255, 255 என்று ஒரே எண்ணாகிவிடுகிறது. அதுதான் திட்டு.

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், கேமரா இதை எச்சரிக்காது. மொத்த வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்குத்தான் அதிக மதிப்பு, சிவப்புக்குக் குறைவு, நீலத்துக்கு இன்னும் குறைவு, நம் கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது. மேலே சொன்ன பிக்சலின் மொத்த வெளிச்சம் 255க்கு 100கூடத் தேறாது. அதனால் கேமராவில் தெரியும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம், வலது ஓரம்தான் உச்சம்) "எல்லாம் நலம், இன்னும் இடமிருக்கிறது" என்று நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள், சிவப்புக் கோடு வலது சுவரில் மோதி நிற்பது தெரியும். அது சுவரிலிருந்து விலகும் வரை எக்ஸ்போஷரைக் குறைத்து எடுக்க வேண்டும், பொதுவாக முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது). போனில் சூரியச் சின்னத்தைக் கீழே இழுக்கச் சொன்னது இதற்குத்தான். துலுக்க சாமந்திக்கும் இதே கதை, மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதில் இரண்டும் உச்சத்தைத் தொட்டுவிடும்.

ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத அசல் பதிவு) எடுக்க வசதி இருந்தால் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், 12 பிட் ராவில் 4096, 14 பிட்டில் 16,384. எடிட்டிங்கில் இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய அவ்வளவு இடம் கிடைக்கிறது. இதற்கான மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கணினியில் டார்க்டேபிள், ராதெரபி, ஜிம்ப் மூன்றும் இலவசம், போனில் ஸ்னாப்சீட் போதும்.

முதலில் செதுக்குங்கள், அதாவது கிராப். வேண்டாத ஓரங்கள் போனபிறகுதான் படத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று தெரியும். அடுத்து வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி சரிசெய்வது. படத்தில் வெள்ளையோ சாம்பலோ எங்காவது இருந்தால் அதைத் தொட்டுக் காட்டுங்கள், தொட்டி விளிம்பில் சிமென்ட் இருந்தால்கூடப் போதும். நிழலில் எடுத்த படம் நீலம் பாய்ந்திருக்கும், அதற்கு வார்ம்த் என்ற மஞ்சள் சாயலை ஏற்ற வேண்டும். வலைக்குக் கீழே எடுத்துப் பச்சை பாய்ந்திருந்தால் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா (சிவப்பும் நீலமும் கலந்த நிறம்) பக்கம் நகர்த்துங்கள். இது சரியாகாமல் நிறத்தில் கைவைக்காதீர்கள்.

பிறகு ஹைலைட்ஸை, அதாவது வெளிச்சமான பகுதிகளை, இறக்குங்கள், நிழல் ரொம்ப இருட்டாக இருந்தால் கொஞ்சம் தூக்குங்கள். இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. அடுத்து வரும் சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) ஸ்லைடரில்தான் எல்லாம் கெடுகிறது. பூ இன்னும் எடுப்பாக இருக்கட்டும் என்று அதை வலது பக்கம் தள்ளினால், ஏற்கெனவே உச்சத்தில் முட்டிக்கொண்டிருக்கும் சிவப்பை மறுபடி சுவரில் கொண்டுபோய் மோதுகிறீர்கள். நரம்பு மறைந்துவிடும், அத்தனை பாடுபட்டு எடுத்ததெல்லாம் திட்டாகிவிடும்.

நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் கருவி ஒன்று பெரும்பாலான செயலிகளில் உண்டு, எச்எஸ்எல் என்றோ கலர் மிக்ஸ் என்றோ இருக்கும். அதில் சிவப்பை மட்டும் எடுத்துச் சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறையுங்கள், ஒளிர்வையும் கொஞ்சம் குறையுங்கள். ராவில் இருந்து வேலை செய்தால் இதழின் மடிப்புகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்க்கலாம். நிறம் செத்துவிடுமே என்று பயந்தால், பச்சையையும் மஞ்சளையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறையுங்கள், ஏனென்றால் இலையின் பச்சை என்று நாம் சொல்வதில் மஞ்சளும் நிறைய இருக்கிறது. சுற்றியிருக்கும் இலைகள் அடங்கினால் பூ தானாக முன்னால் வந்து நிற்கும். சங்குப்பூ வேறு மாதிரித் தொல்லை, கண்ணுக்கு ஆழ்ந்த நீலமாகத் தெரிவது படத்தில் ஊதா பக்கம் சாய்ந்து வரும். அதற்கு ஊதா, நீலம் இரண்டின் ஹியூவையும் (நிறச்சாயல்) நீலப் பக்கம் லேசாகத் திருப்ப வேண்டும்.

கூர்மையாக்கும் ஷார்ப்பன் கருவியைப் படம் முழுக்கப் பூசாதீர்கள். மங்கிய பின்னணியில் கூர்மையாக்க எதுவுமில்லை, அங்கே இருக்கும் புள்ளிகள்தான் மொறமொறவென்று எழுந்து நிற்கும். தகட்டில் விழுந்த பகுதிக்கு மட்டும், அதாவது குழலுக்கும் மகரந்தத்துக்கும் மட்டும், பிரஷ் வைத்துப் போடுங்கள். ஸ்னாப்சீட்டில் செலக்டிவ் என்ற கருவியில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி மட்டும் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், ஸ்ட்ரக்சர் (நுணுக்கங்களின் தெளிவு) மாற்றலாம், இதற்கு அதுவே போதும். மூலையில் பளிச்சென்று இருக்கும் இலையை அதே கருவியால் இருட்டாக்கிவிடலாம். இதழின் மேல் இருக்கும் தூசி, மண் துணுக்கை ஹீலிங் என்ற கறை நீக்கும் கருவியால் எடுத்துவிடுங்கள். எறும்பை மட்டும் அழிக்காதீர்கள், செம்பருத்தியில் எறும்பு இல்லையென்றால்தான் சந்தேகம் வரும்.

நேர் எதிரிலிருந்து எடுத்தும் நுனியிலிருந்து அடி வரை கூர்மையாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு போகஸ் ஸ்டாக்கிங் இருக்கிறது. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, நுனியில் தொடங்கி அடி வரை போகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பகுதியை மட்டும் பொறுக்கி மென்பொருளால் ஒன்றாக இணைப்பது. ஒரு படத்துக்கு 1 செ.மீ. ஆழம் என்றால், 7 செ.மீ. நீளும் பூவுக்கு ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி வரும்படி பத்து படம் வரை தேவைப்படும். போட்டோஷாப் செய்யும், இதற்கென்றே ஹெலிகான் ஃபோகஸ், சீரீன் ஸ்டாக்கர் என்ற மென்பொருள்களும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பத்து படம் முடியும்வரை பூ அசையக்கூடாது, இல்லையென்றால் இதழ் விளிம்பெல்லாம் இரட்டையாக வரும். மாடியில் இது கஷ்டம், தொட்டியை வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் கொண்டுவந்து மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். தொடங்குகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, பக்கவாட்டில் போய் நிற்பது இதைவிடச் சுலபம், பல சமயம் படமும் அதில்தான் நன்றாக இருக்கிறது.

நிறத்தைச் சரிபார்க்க அன்றைக்கே எடிட் செய்வது நல்லது. செம்பருத்தி மறுநாள் வரை நிற்காது, பொதுவாகச் சாயங்காலமே சுருங்கத் தொடங்கிவிடும். பகல் வெளிச்சத்தில் பூவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால், நினைவிலிருந்து நிறம் போடும்போது நாம் எவ்வளவு அதிகமாகப் போடுகிறோம் என்று தெரிந்துவிடும். போனில் இரவுநேர மஞ்சள் வடிகட்டி போட்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள், திரை வெளிச்சத்தையும் பாதிக்கு மேல் வையுங்கள். முடித்துச் சேமிக்கும்போது கலர் ஸ்பேஸ் (நிறங்களை எண்ணாக எழுதும் முறை) எது என்று கேட்டால் எஸ்ஆர்ஜிபி என்று கொடுங்கள், வேறு எதையாவது கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் சரியாக இருந்த சிவப்பு சில செயலிகளில், சில போன்களில் வெளிறித் தெரியும்.